மலையைச் சுற்றி வந்த சத்தம்

ஜினதாசன் டவுனில் தன் மோட்டார் சைக்கிளை உதைத்தால், மலைக்கு அந்தண்டை, அடி அண்ணாமலையில், அவர் வீட்டுச் சோற்றுப் பானை வடியும். நடுவில் அத்தனை பெரிய மலை நிற்கிறதே என்றால், நிற்கட்டும். சத்தம் மலையைத் தாண்டிக் குதிக்கவில்லை. முறைப்படி வலமாகச் சுற்றி, வழியில் உள்ள லிங்கத்துக்கெல்லாம் ஒரு கும்பிடு போட்டு, அப்படியும் வண்டிக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்து, அவர் மனைவி குசுமாவதியின் காதில் விழும். எண்பத்து மூன்றாம் வருஷம் இதை நம்பாதவர் ஊர் உலகத்தில் ஒருத்தர்தான். அவர் மெக்கானிக் சக்கரபாணி.

வண்டி, ஜினதாசனின் மாமா பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கிழட்டு ஜப்பான் வண்டி. இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயின் தொளதொளத்துப் போய், கோணியில் பித்தளைச் சாமான் கட்டிப் படியில் உருட்டினதுபோல் சத்தம் போடும். அது போகும்போது கிரிவலப் பாதை நந்திகள் கழுத்தைத் திருப்பிப் பார்த்ததாகச் சொல்வார்கள். அத்தனை நந்தியும் என்று சொல்லமாட்டேன், இரண்டு நந்தி.

ஆனால் அந்தச் சத்தத்தை நம்பித்தான் குசுமாவதி அடுப்பில் உலை வைத்தாள். ஜைன நயினார் குடும்பம், பொழுது சாய்ந்தால் பருக்கை வாயில் படாது. ஜினதாசன் ஆபீசில் வரைபடம் போடுகிறவர். அதிகாரி எப்போது விடுவார் என்று அதிகாரிக்கே தெரியாது. டவுனில் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் விழுந்துவிடும். அந்தண்டை மட்டும் இன்னும் கொஞ்சம் வெயில் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தைத் துரத்திக்கொண்டுதான் அவர் தினமும் வண்டி ஓட்டினார். சத்தம் கேட்டதும் அவள் சோறு வடித்து, ரசம் தாளித்து, இரண்டு தட்டு வைப்பாள். அவர் இல்லாமல் அவள் சாப்பிடமாட்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துக்குப் பிறகு இப்போது ஏழு மாசம். "ராப்பட்டினி கூடவே கூடாது" என்று டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள்.

சத்தம் போகப்போக ஜாஸ்தியாகி, "செயின் அறுந்தா இன்ஜினே சுக்குநூறு" என்று எல்லாரும் பயமுறுத்தவே, ஜினதாசன் வண்டியைச் சக்கரபாணியிடம் விட்டார். சக்கரபாணி புல்லட்டிலேயே பிறந்து புல்லட்டிலேயே வளர்ந்தவர். செயின் தொளதொளத்தால் போல்ட்டை முறுக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேதம். முறுக்கினார். சத்தம் கூடியது. இன்னும் முறுக்கினார். பக்கத்து டீக்கடையில் கிளாஸ்கள் தாமாக நகர்ந்தன. மூன்றாம் நாள் கோபத்தில், "இந்தப் போல்ட்டையே கழட்டி ஏரியில போடறேன்" என்று, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பானரை இடப்பக்கம் திருப்பினார். உள்ளே ஒரு ஸ்பிரிங் 'டொக்' என்று தள்ளிக்கொண்டது. சத்தம் நின்றது. அந்தப் போல்ட் செயினை இழுக்கிற போல்ட்டே இல்லை. ஸ்பிரிங்கைப் பிடித்து வைக்கிற போல்ட். கொஞ்சம் விட்டுக் கொடுத்தால், இழுக்க வேண்டியதை ஸ்பிரிங்கே இழுத்துக்கொள்ளும். அப்படியே வைத்து இறுக்கினார்.

"பாத்தீங்களா நயினாரே, தொழில்னா இது!" என்றார், ஆரம்பத்திலிருந்தே தெரிந்தவர்போல.

வண்டி பூனைபோல் போயிற்று. ஜினதாசன் வாசலில் இறங்கியபோது சூரியன் பனைமர உயரத்தில் இருந்தது. குசுமாவதி கொல்லையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வந்தீங்க? நம்ம வண்டிச் சத்தம் கேக்கலையே!"

உலையே இன்னும் வைத்திருக்கவில்லை. அவள் ஓடி ஓடி அடுப்பை ஊதினாள், சோறு வேகும்வரை சூரியன் காத்திருக்கவில்லை. இருவரும் சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள்.

"பசிக்குதா?"

"எனக்கு இல்ல. உள்ள இருக்கிறதுதான் உதைக்குது" என்று அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

கொஞ்சம் பொறுத்து, "என்னாங்க, வண்டிய ஒருதரம் ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள். டேங்கின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நோயாளிக்கு நாடி பார்ப்பதுபோல் வெகுநேரம் அப்படியே நின்றாள். "ம். போதும்" என்றாள்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே ஜினதாசன் வாசலில் நின்றார்.

"அண்ணா, அந்தச் சத்தத்தைத் திரும்பப் போட்டுக் குடுங்க."

சக்கரபாணிக்கு வாயிலிருந்த வெற்றிலை புரையேறியது. "இருபத்தாறு வருஷ சர்வீசுல சத்தம் வேணும்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்! போட்டா ஒரு மாசத்துல செயின் அறுந்துடும். அப்புறம் நடந்துதான் போவணும். பொழுதா உங்களுக்காக நிக்கப்போவுது?"

"வீட்டுல கேக்கணும்ண்ணா. நேத்து பட்டினி."

"அட, இன்னா நயினாரே, மலைக்கு அந்தாண்டை காது கேக்குமா? அந்தம்மா கடிகாரம் பாத்து வடிச்சிருக்கும். நீங்க சத்தம்னு நெனச்சிக்கினீங்க."

"கடிகாரம் நின்னு நாலு வருஷமாச்சு."

"சரி, இன்னிக்கு நாலு மணிக்கே பர்மிசன் போடுங்க. நானும் வரேன். அந்நேரத்துக்கு யாரும் சோறு வடிக்கமாட்டாங்க. போய்ப் பாத்துடலாம். வடிச்சிருந்தா, சத்தத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்."

நாலு மணிக்குக் கிளம்பினார்கள். சக்கரபாணி பின்சீட்டில் ஏறியதும் வண்டியின் முன்சக்கரம் வானத்தைப் பார்த்தது என்பார்கள். தரையை விட்டு எழும்பவில்லை, பார்த்தது, அவ்வளவுதான். பாதை நெடுக ஜினதாசன் மனசுக்குள், 'இன்னிக்கு அவ சாப்பிட்டுடணும்' என்ற ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனார்.

வீட்டு வாசலில் இறங்கும்போதே ரசம் தாளித்த மணம் வந்தது. உள்ளே, ஆவி பறக்கும் சோறு. புடலங்காய்க் கூட்டு.

ஜினதாசன் தட்டுகளை எண்ணினார். மூன்று.

சக்கரபாணி கூடத்தில் நட்டுவைத்தாற்போல் நின்றார். "ஏம்மா, நான் வரேன்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்களே" என்றாள் குசுமாவதி, தலைப்பை இழுத்துவிட்டபடி. "வண்டி கிளம்பறப்பவே கேட்டுச்சு. நேத்து புதுக் குரலு, அசலாளுன்னு விட்டுட்டேன். இன்னிக்குத் தெரிஞ்சிச்சு. ஆனா நேத்தைவிட மூச்சு வாங்கிச்சு. பின்னாடி ஆளு இருக்காங்க, அதுவும்..." நிறுத்திக்கொண்டாள்.

"அதுவும்?"

"கொஞ்சம் கனமான ஆளுன்னு, அரைப்படி கூடப் போட்டேன்."

ஜினதாசன் அவள் கையைப் பிடித்து, நடுத்தட்டின் முன்னால் உட்காரவைத்தார். "மொதல்ல நீ" என்றார். வெளியே வெயில் இன்னும் முழுசாக இருந்தது. அவள் முதல் கவளத்தை வாயில் வைத்ததும்தான் அவர் மூச்சு விட்டார்.

சக்கரபாணி தம் தட்டின் முன் சம்மணமிட்டார். சோற்றைப் பார்த்தார், வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே, அசையாமல் நின்ற மலையைப் பார்த்தார்.

"நயினாரே" என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "எவன் வந்து கேட்டாலும் இனிமே நானே சொல்றேன். கேட்டிருக்கு. அந்தம்மாவுக்கு நெசமாவே கேட்டிருக்கு."