சாத்திய ஜன்னல்

யெவ்ரோசிமா தன் தம்பியின் முதுகில் பிளம் சாராயத்தைச் சூடு பறக்கத் தேய்த்தபோது அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்திருந்த தம்பி திஹோமிர், அவன் மனைவி ஸ்லாவ்கா, வாசலில் கார் சாவியோடு நின்ற பக்கத்து வீட்டு போஷ்கோ, யெவ்ரோசிமா. வேறு யாரும் இல்லை.

ஆகஸ்டில் களைகள் பூத்தால் திஹோமிருக்குத் தும்மலும் இரைப்பும் வருவது ஊரறிந்தது. மருந்துக் குழலை இரண்டு முறை உறிஞ்சினால் அடங்கிவிடும். இம்முறை அடங்கவில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் வலது விலாவில் கத்தி இறங்கியது. யெவ்ரோசிமாவுக்குச் சந்தேகமே இல்லை. நேற்று பஸ்ஸில் எதிரெதிரே திறந்த இரண்டு ஜன்னல்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்திருக்கிறான். ஊடுகாற்று அடித்துவிட்டது; அது ஆளையே கொல்லும் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

"அத முதுகுல ஏன் வீணாக்குற? வாயில ஊத்து, அக்கா" என்றான் திஹோமிர். சிரிக்கப் போய், வலியில் பாதியில் நிறுத்தினான்.

"அக்கா, இது எப்பவும் வர்ற இரைப்பு இல்ல. ஜன்னலயாவது கொஞ்சம் திறக்கட்டுமா?" என்று ஸ்லாவ்கா எழுந்தாள்.

"உக்காரு. பட்ட காத்து போதும்."

"வண்டில பத்தே நிமிஷம், ஆஸ்பத்திரி வந்துடும்" என்றான் போஷ்கோ.

"உன் வண்டிக் கண்ணாடி பாதிக்கு மேல ஏறாது. அதுல ஏத்தி வழியிலயே கொல்லவா? காத்துப் பட்டதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடுற குடும்பம் இல்லடா நாங்க."

ஸ்லாவ்கா மறுபடியும் ஜன்னலருகே போனாள். யெவ்ரோசிமா கொக்கியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

காலை பதினொரு மணிக்கு அவன் உதடு நீலமானது. போஷ்கோ போன் செய்தான். ஆம்புலன்ஸ் வந்தபோது திஹோமிர் உயிரோடு இல்லை. நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று நெஞ்சுக்குள் கசிந்து அடைத்திருக்கலாம் என்றாள் அதில் வந்த டாக்டர். ஆஸ்துமாக்காரர்களுக்கு எப்போதாவது அப்படி ஆகுமாம். நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் குழாய் போட்டு வெளியேற்றியிருக்கலாமாம்.

"எந்தக் காத்து?" என்று கேட்டாள் யெவ்ரோசிமா. "எல்லாத்தையும் சாத்தித்தானே வச்சிருந்தேன்."

டாக்டர் அவளைப் பார்த்தாள். பிறகு பையை மூடினாள்.

டாக்டர் போனதும் ஸ்லாவ்கா ஜன்னலை அகலத் திறந்தாள், ஆன்மா போக. அதைத்தான் தெரு பார்த்தது.

மறுநாள் கல்லறை மேட்டில், மண் மூடியபின், இறந்தவன் பேரில் சர்க்கரை போட்ட அவித்த கோதுமைக் கிண்ணம் ஊர்ப் பெண்களிடையே கைமாறிக்கொண்டிருந்தது.

"ஜன்னலத் திறந்து போட்டாளாமே."

"மூச்சு முட்டுற மனுஷனுக்கு ஊடுகாத்து! பாவம் யெவ்ரோசிமா, எவ்வளவு தடுத்திருப்பா."

ஸ்லாவ்காவின் காதில் விழுந்தது. அவள் கையிலிருந்த மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யெவ்ரோசிமாவும் சும்மா இருந்திருக்கலாம், யாரும் கேட்கவில்லை. இரவெல்லாம் யோசித்தும் டாக்டர் சொன்ன அந்தக் காற்று எந்த வழியாக வந்ததென்று அவளுக்குப் பிடிபடவில்லை. கிண்ணம் அவளிடம் வந்தது. வாங்கவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"அவன் உயிரோட இருந்தவரைக்கும் ஜன்னல் திறக்கவே இல்ல" என்றாள். "ரெண்டு தடவ திறக்கப் போனா. நான்தான் விடல."