சட்டைப் பையில் இருந்த தாள்

அறுபத்திரண்டாம் ஆண்டு என் வலது கண்ணில் புரை அறுத்தார்கள். கட்டியதோ இரண்டு கண்களையும். தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரித் தாதி மார்கிறட் மிஸ்ஸி காதருகே குனிந்து சொன்னாள்:

“ஏழு நாளைக்குத் தலையத் தூக்கப்படாது. இருமப்படாது. கட்டத் தொடவே படாது. தொட்டீங்களெண்டா கண் போயிடும். மறுகா எங்களக் குறை சொல்லாதீங்க.”

என்னைப் பராமரிக்க நின்றவன் சாமித்தம்பி, என் மனைவியின் தம்பி. அவள் இறந்து ஒரு வருடம். பிள்ளைகள் இல்லை. வவுணதீவில் அவளுக்குச் சீதனமாக வந்த நெல்வயலை, அந்த வட்டையைச் சாகுமுன் என் பேருக்கு எழுதினாள். எங்கள் பக்கத்தில் சீதனக் காணி பெண்வழிதான் போகும். புருசனுக்கு எழுதுவது அவள் வீட்டாருக்குப் பொறுக்காத காரியம். சாமித்தம்பி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் என்னை உறுத்தியது. கேட்கிறவனோடு சண்டை பிடிக்கலாம்.

ஒப்பறேசனுக்கு முன் கண்ணில் மருந்து விட்டிருந்ததால் எழுத்துத் தெரியவில்லை. சம்மதக் கடிதம் என்றார்கள். சாமித்தம்பிதான் என் பெருவிரலைப் பிடித்து அழுத்தினான். ஒரு தரமா, இரண்டு தரமா? இருட்டில் கிடந்து யோசிக்க யோசிக்க, இரண்டு தரம் என்றே பட்டது.

பிறகு அந்தச் சத்தம். கஞ்சி பருக்குமுன், முதுகு துடைக்குமுன், சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை விரிப்பான். முணுமுணுப்பான். மடிப்பான்.

“என்னடா தாள் அது?”

“ஒண்டுமில்ல மச்சான். பேசாமக் கிடங்க.”

“வாசிச்சுக் காட்டன்.”

“கண் சுகமானா நீங்களே வாசிக்கலாம். அதுமட்டும் கோட்டு விசாரணைய விடுங்க.”

பக்கத்துக் கட்டில் அசனார் காக்கா சிரித்தார். “மச்சினன் இப்பிடிப் பாக்கிறான், நீங்க பொலிஸ் மாதிரிக் கேக்கிறீங்க. என்ட மகன் இன்னும் எட்டிப் பாக்கல்ல.”

அதுதான். மகன் செய்யாததை இவன் ஏன் செய்கிறான்?

நாலாம் நாள் காலை, சட்டையைக் கட்டில் கம்பியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான். அசனார் காக்கா குறட்டை விட்டார். நான் தலையைத் தூக்கினேன். துழாவித் தாளை எடுத்தேன். கட்டை நெற்றிக்கு ஏற்றினேன். வலது கண் சுரீரென்றது. கண்ணிலிருந்து ஏதோ கன்னத்தால் வழிந்து ஒரு சொட்டுத் தாளில் விழுந்தது.

கொப்பித் தாள். சாமித்தம்பியின் கோணல் எழுத்து, மங்கிய இடது கண்ணுக்கும் போதுமான அளவு பெரிதாக.

‘தலை தூக்க விடக்கூடாது. கஞ்சியை ஆறவைத்துக் கரண்டியால் கொடு. புரைக்கேறாமல் பார். மலம் இறுகக்கூடாது, முக்கினால் கண்ணுக்குக் கேடு. கோபப்படுத்தாதே.’

மடித்துப் பையில் வைத்தேன். கட்டை இறக்கிவிட்டுப் படுத்தேன்.

சாமித்தம்பி வந்தான். தாளை விரித்தான். முணுமுணுப்பு வரவில்லை. அந்தச் சொட்டைக் கண்டிருப்பான். பிறகு அவன் ஓடும் சத்தம்.

“ஆர் கட்டத் தொட்டது?” மிஸ்ஸியின் குரல்.

“நான்தான் மிஸ்ஸி. முகம் துடைக்கக்குள்ள கை பட்டுட்டு.”

வார்ட்டே கேட்கச் சாமித்தம்பியை ஏசினாள். நான் வாய் திறக்கவில்லை.

கட்டவிழ்த்தபோது அந்தக் கண்ணில் வெளிச்சம் இருந்தது, உருவம் இல்லை. சாமித்தம்பி என்னைத் தோணியில் ஏற்றி வாவியைக் கடத்தினான். வட்டையைப் பற்றி அன்றும் பேசவில்லை. எதற்காக என் பழியைத் தன் தலையில் போட்டான்? மற்றக் கண்ணால் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.