பள்ளி வரைன்னு போடு

ஆஸ்பத்திரிகளுக்கு விரிப்பு துவைத்துத் தரும் அந்தச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இஸ்திரி இயந்திரத்திலிருந்து சுடச்சுட வரும் விரிப்பை அவள் மடித்தால் ஓரத்தோடு ஓரம் ஒட்டி நிற்கும். கடல் தாண்டி வருவதற்கு முன் அவள் பல் டாக்டராக இருந்தவள் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

மகளின் கல்லூரி விண்ணப்பம் அதைக் கிளறிவிட்டது.

"அம்மா, பெற்றோர் படிப்புன்னு ஒரு பக்கம் இருக்கு. வெளிநாட்டுப் பட்டமா இருந்தாலும் எழுதணுமாம். நீ எந்த வருஷம் முடிச்சே?"

மடிப்பக்கா கழுவிக்கொண்டிருந்த தட்டைத் தொட்டியிலேயே விட்டாள். "பள்ளி வரைன்னு போடு."

"விளையாடாதம்மா."

"விளையாடல. போடு."

மகளுக்குச் சுருக்கென்றது. "படிச்சதைச் சொல்ல உனக்கு வெட்கமா? பொய்னு தெரிஞ்சா காலேஜ்ல கிடைக்கிற இடத்தையும் பிடுங்கிடுவாங்க."

பஸ் ஓட்டிவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்த அப்பா நிலைமையை லேசாக்கப் பார்த்தார். "என் பேருக்கு நேரா தாராளமா பள்ளி வரைன்னு எழுதும்மா. படிக்காம விட்டதுல இன்னைக்குத்தான் ஒரு நிம்மதி."

யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் இருந்தது. பெற்றோர் வேலை செய்யும் இடத்தில் அதைக் காட்டிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். மடிப்பக்கா காலையிலேயே அதைப் படித்துவிட்டாள்.

"வேலைக்குச் சேரும்போது பள்ளி வரைன்னுதான் சொன்னேன்," என்றாள் தாழ்ந்த குரலில். "பட்டத்தைச் சொன்னா, இங்க அது செல்லாதுன்னு ஒருத்தர். இவ்வளவு படிச்சவங்க நிலைக்க மாட்டாங்கன்னு இன்னொருத்தர். நீ அப்போ கைக்குழந்தை. இந்தச் சலவைக்கூடத்துல மறைச்சேன், எடுத்துக்கிட்டாங்க. போன வருஷம் ஒரு எஞ்சினியர் இதையே செஞ்சு மாட்டிக்கிட்டார். அன்னைக்கே வெளியே அனுப்பிட்டாங்க."

மகள் பேனாவை எடுத்தாள். "சரிம்மா. பள்ளி வரைன்னே போட்டுடறேன்."

இத்தனை வருஷம் தன்னோடு கிடந்த பொய் இப்போது மகள் கைக்குத் தாவுவதைப் பார்க்க மடிப்பக்காவால் முடியவில்லை. பேனாவைப் பிடுங்கித் தானே எழுதினாள்: பல் மருத்துவம், பட்டம். எழுத்து கோணிக்கொண்டு போனது.

"வேலை போயிடுச்சுன்னா?" என்றார் அப்பா.

"போனா பார்த்துக்கலாம். மடியில கனத்தோட எத்தனை நாள்தான் நடக்கிறது?"

சொல்வது சுலபம். மறுநாள் மேலாளர் அறை வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பி, மூன்றாம் முறைதான் உள்ளே போய்க் காகிதத்தை நீட்டினாள். அவர் காகிதத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே இயந்திரங்கள் இரைந்தன.

"டாக்டரா?"

"ஆமா சார். சேரும்போது மறைச்சுட்டேன்."

"உன்னை நம்பித்தானே கிடங்குச் சாவியைக் கொடுத்தேன்?"

அவள் கை இடுப்பில் தொங்கிய சாவியைத் தொட்டது.

"போய் வேலையைப் பாரு. மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்."

கையெழுத்து விழவில்லை. காகிதம் அவர் மேசையிலேயே தங்கிவிட்டது. அன்று முழுக்க ஒரு விரிப்புகூட அவளுக்கு நேராக மடியவில்லை. "என்னக்கா, உங்க கைக்கு இன்னைக்கு லீவா?" என்று பக்கத்தில் நின்றவள் கேட்டாள். அவள் அதே விரிப்பைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

கிளம்புகிற நேரத்தில்தான் மேலாளர் கூப்பிட்டார். "வேலையை விட்டு எடுக்கல. ஆனா சாவியைக் கொடுத்துடு. உன்னை ஷிப்டுக்குத் தலைவியா போடச் சொல்லி எழுதியிருந்தேன். அதையும் திருப்பி வாங்கிட்டேன்." கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தி, காகிதத்தை நீட்டினார்.

அப்படி எழுதியிருந்தார் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் மகள் நின்றிருந்தாள். "வேலை?"

"இருக்கு."

"அப்புறம் ஏம்மா அழறே?"

"தெரியலடி. வா, போகலாம்."

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். மகள் அந்தக் காகிதத்தை, அம்மாவின் கோணல் எழுத்தை, திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"முதன்முதலா யாருக்கும்மா பல்லைப் பிடுங்கினே?"

மடிப்பக்கா மூக்கை உறிஞ்சினாள். "ஒரு போலீஸ்காரருக்கு. அவர் அழுத அழுகையில நானும் சேர்ந்து அழுதுட்டேன்."