நாற்பத்தேழு ஈக்கள்

எனக்கு ஒரு இடத்துல உட்கார வராது. பிறவிக் கோளாறுன்னு அம்மா சொல்லுவாங்க. பல்கலைக்கழகத்துக்கு வந்த ரெண்டரை வருஷத்துல நாடகக் குழுவுல சேர்ந்து ரெண்டே ரெண்டு வசனம் பேசினேன், படகு ஓட்டப் போய்த் தண்ணியில விழுந்தேன், புல்லாங்குழல் வாங்கி ஒரு மாசம் விடுதியையே அழ வச்சேன். படிப்பு அதுபாட்டுக்கு ஓரமா நடந்துக்கிட்டிருந்தது. கடைசியாப் பிடிச்சுக்கிட்டது பாறை ஏறுறது.

என் அறைத்தோழி எனக்கு நேரெதிர். பென்சில் சீவுறதைக்கூட ஆற அமரச் செய்வா. அவளை நான் ஆமைன்னு கூப்பிடுவேன், என்னை அவ வெட்டுக்கிளின்னு கூப்பிடுவா. மூணாம் வருஷ ஆய்வுக்கு எங்க ரெண்டு பேரையும் ஜோடியாப் போட்டாங்க. விலங்கியல் துறையே சிரிச்சது.

ஆய்வு ரொம்பச் சாதாரணம். பழ ஈ எத்தனை நாள் உயிரோட இருக்கும்? அறுபது ஈயைக் கண்ணாடிப் புட்டிகள்ல விட்டு, வெப்பப் பெட்டிக்குள்ள வச்சு, தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு உயிரோட இருக்கிறதை எண்ணி நோட்டுல எழுதணும். இதுல எங்க பேராசிரியைக்கு ஒரு கறாரான விதி உண்டு. முதல் நாள் எண்ணினவதான் கடைசி நாள் வரைக்கும் எண்ணணும். லேசா காலை ஆட்டுற ஈயை ஒருத்தி உயிர்னு எழுதுவா, இன்னொருத்தி செத்ததுன்னு எழுதுவா, ஆள் மாறினா கணக்கே மாறிடும்பாங்க. வேற வழியே இல்லாம ஆள் மாறினா, எண்ணினவ தன் கையெழுத்துல எழுதி ஓரத்துல கையொப்பம் போடணும். அதனால எண்ணுறது ஆமை. ஈக்குச் சோளமாவுக் கூழ் காய்ச்சுறது நான். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் காய்ச்சுவேன்.

பத்தொன்பதாம் நாள் ஆமைக்கு வேற ஊர்ல நேர்காணல். ஆராய்ச்சிப் படிப்புக்கு ஒரே ஒரு இடம். அது கிடைக்கலைன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துடுன்னு அவ அப்பா சொல்லிட்டார். நேர்காணல் மட்டும் போதாது, பேராசிரியையோட சிபாரிசுக் கடிதமும் வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேரணும். செவ்வாய்க்கிழமை எண்ணி முடிச்சுட்டு பஸ் ஏறப் போனா.

"நாளைக்கு நாலு மணிக்கு நீ எண்ணிடுடி. மறக்காம உன் கையொப்பம் போடு."

"போய்ட்டு வா தாயே. நாப்பத்தெட்டு ஈயைப் பார்த்துக்கத் துப்பில்லையா எனக்கு?"

அவ போய் அரை மணி நேரம்கூட ஆகலை, பாறைக் குழுத் தலைவன் போன் பண்ணினான். நாளைக்குப் பெரிய பாறை ஏறப் போற வேன்ல ஒரு இடம் காலி, விடியக்காலையில கிளம்பினா இருட்டுறதுக்குள்ள திரும்பிடலாம். அந்தப் பாறையை ஏறினவங்களுக்குத்தான் விடுமுறையில மூணு வார மலை முகாம். ரெண்டு மாசமா நான் காத்துக்கிட்டிருந்தது அது. வர்றேன்னு சொல்லிட்டுத்தான் ஈ ஞாபகமே வந்தது.

லேப்பைப் பார்த்துக்கிற அண்ணன் கதவைப் பூட்டப் போற நேரத்துல ஓடிப்போய் நோட்டைத் திறந்தேன். ஐம்பத்தொண்ணு, ஐம்பது, நாப்பத்தொன்பது, நாப்பத்தெட்டு. அடுத்தது என்னன்னு சின்னக் குழந்தைகூடச் சொல்லும். என் கையெழுத்துல எழுதினா, எத்தனை மணிக்கு எண்ணினே, எப்படி எண்ணினேன்னு மேடம் குடைவாங்க. அதனால ஆமையோட எழுத்துலயே எழுதினேன். நாளைக்கு அவ ஊர்லயே இருக்க மாட்டாளேன்னு அந்த அவசரத்துல தோணவே இல்லை. தலை மூடின நாலு, குறுக்கே கோடு போட்ட ஏழு. அச்சு அசலா வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், அப்போ எனக்குப் பெருமையாத்தான் இருந்தது.

பாறையில பாதி தூரம் ஏறியிருப்பேன். கீழே பார்க்காதேன்னு கத்தினாங்க, பார்த்துத் தொலைச்சேன். அழுதுக்கிட்டே ஏறினேன். உச்சிக்குப் போனதும் கைத்தோல் உரிஞ்சது தெரியவே இல்லை. முகாம் பட்டியல்ல என் பேரை அங்கேயே எழுதினாங்க. வாழ்க்கையில முதல் தடவையா ஒரு வேலையை முடிச்சிருக்கேன்னு தோணுச்சு.

வியாழக்கிழமை மத்தியானம் ஆமை அறைக்குள்ள வந்தா. தோள்ல பை அப்படியே இருந்தது.

"எப்படிடி நடந்தது நேர்காணல்?"

"நேத்து எண்ணினியா?"

"எண்ணினேனே. நாப்பத்தேழு."

"ஒண்ணொண்ணாப் பார்த்து எண்ணினியா?"

"ஆமாடி. என்ன இது, போலீஸ் விசாரணை மாதிரி?"

பையை மெதுவா இறக்கி வச்சா. "பஸ்ஸை விட்டு இறங்கி நேராத் துறைக்குத்தான் போனேன். நேத்து காலையில பத்து மணிக்கு வெப்பப் பெட்டி கோளாறாகி உள்ள கொதிச்சிருக்கு. ஒரு ஈகூட மிச்சமில்லை. லேப் அண்ணன் பதினோரு மணிக்கே புட்டியெல்லாம் கழுவிக் கவுத்துட்டார்."

தோல் உரிஞ்ச கையை நான் பின்னால மறைச்சுக்கிட்டேன்.

"நேர்காணலுக்குப் போற அவசரத்துல நானே முன்கூட்டி எழுதி வச்சுட்டுப் போயிட்டேன்னு மேடம் நினைக்கிறாங்க. இப்படிப்பட்ட பொண்ணுக்கு நான் எப்படிம்மா கடிதம் தர்றதுன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை. உன்கிட்ட கேட்டுட்டுச் சொல்லலாம்னு வந்தேன். வேற ஏதாவது குழப்பமா இருக்கும்னு நினைச்சேன்." கட்டில் ஓரத்துல உட்கார்ந்தா. "நீ எண்ணாததுகூடப் பரவாயில்லைடி. என் கையெழுத்துல எழுதியிருக்கியே."

நான் செருப்பைக்கூட மாட்டாம வெளியே வந்துட்டேன். வளாகத்தை மூணு சுத்து சுத்தினேன். எல்லார் மேலயும் கோவம். பெட்டி மேல கோவம். அந்த ஈங்க மேல கோவம், சாகுறதுக்கு வேற நாளே கிடைக்கலையா சனியன்களுக்கு? சொன்னா முகாம் போச்சு. ஒழுங்கு நடவடிக்கைன்னு ஒண்ணு வந்தா குழுவுல முதல் வேலையாப் பேரை அடிச்சுடுவாங்க. சொல்லலைன்னாலும் ஆமை என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டா, அது எனக்கு நல்லாத் தெரியும். பேசாம ஊருக்குப் போவா, அவ்வளவுதான். அவ காட்டிக் கொடுக்க மாட்டாங்கிற தைரியத்துல நான் நடந்துக்கிட்டிருக்கேன்னு புரிஞ்சப்போ எனக்கே என்னைப் பார்த்து அருவருப்பா இருந்தது. நேராத் துறைக்குப் போனேன்.

மேடம் முழுசாக் கேட்டாங்க. ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி, "எழுதிக் காட்டு"ன்னாங்க.

எழுதினேன். தலை மூடின நாலு, குறுக்கே கோடு போட்ட ஏழு. நோட்டுப் பக்கத்துல வச்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"நல்லாப் பழகியிருக்கே."

அதுக்குப் பதிலாத் திட்டியிருக்கலாம். ஆமையோட கடிதத்தை என் கண்ணெதிரே கையொப்பம் போட்டு உறையில வச்சாங்க. என் ஆய்வு ரத்து, விடுமுறை முழுக்க முதல் நாள்லேர்ந்து தனியா எண்ணணும். மறுநாள் முகாம் பட்டியல்ல என் பேருக்குக் குறுக்கே ஒரு கோடு இருந்தது. வயிறு எரிஞ்சது, இல்லைன்னு சொல்லலை.

ஆமைகிட்ட விஷயத்தைச் சொன்னேன். "தேங்க்ஸ்டி"ன்னா. ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடப் போனோம். நேர்காணல்ல தூங்கி வழிஞ்ச பெரிய மனுஷர் ஒருத்தரைப் பத்திச் சொன்னா, நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். வெட்டுக்கிளின்னுதான் கூப்பிட்டா. அப்பாடா, மன்னிச்சுட்டான்னு நினைச்சேன்.

எங்க அறையில எது யாருதுன்னு பேதமே கிடையாது. என் துண்டை அவ எடுப்பா, அவ பேனாவை நான் எடுப்பேன். சாயங்காலம் அவ மேஜை மேல இருந்த நோட்டையெல்லாம் ஒண்ணொண்ணா அடுக்கி இழுப்பறைக்குள்ள வச்சா. கடைப்பையிலேர்ந்து ஒரு புதுப் பூட்டை எடுத்து மாட்டினா. சரியா விழுந்திருக்கான்னு ஒரு தடவை இழுத்துப் பார்த்தா.

"வெந்நீர் தீர்ந்துடப் போகுது, சீக்கிரம் வாடி"ன்னு சொல்லிட்டு, சாவியைக் கையில எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போனா.