படமெடுக்க இருபது நிமிடம்

‘படமெடுக்க இருபது நிமிடம்’ என்று பயணத் தாளில் போட்டிருந்த இடத்தில் வேன் நின்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுற்றிலும் கல். கல்லை விட்டால் காற்று. மொயெந்தோ சந்தையில் மீன் விற்கும் பன்னிரண்டு பேர், கடலை விட்டு மலையேறி, கொல்கா பள்ளத்தாக்கில் காண்டோர் கழுகு பார்க்கக் கிளம்பியிருந்தோம். முதல் நாள் முழுக்க, வழியில் அரெகிப்பா ஊரில் சும்மா உட்காரவைத்தாள், எங்களைக் கூட்டிப்போன டெல்ஃபினா. பயணத் திட்டம் அவள் போட்டது.

“ஏம்மா, இங்க என்னத்தைப் படமெடுக்கிறது?”

“நல்ல கல்லு, ஹெர்மெலிந்தாக்கா. எறங்கிப் பாருங்க.”

“இப்படிப் போனா நாம போறதுக்குள்ள கழுகு கிழடாயிரும்!”

வேனே சிரித்தது. என் அக்கா யூடோசியா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு மூச்சுக் கோளாறு. மெதுவாக ஏறினால் போகலாம் என்றிருந்தார் டாக்டர். சின்ன வயதிலிருந்தே காண்டோர் பார்க்க ஆசை அவளுக்கு. ஆனால் ரோஷக்காரி. கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்: “எனக்காக யாராச்சும் காத்துக் கெடந்தீங்க, அங்கயே எறங்கி ஊருக்கு பஸ் ஏறிருவேன்.” செய்யக்கூடியவள்தான்.

மூன்றாவது நிறுத்தத்திலும் கல்தான். டெல்ஃபினா எல்லோருக்கும் கோக்கா இலைத் தேநீர் கொடுத்துக்கொண்டு வந்தாள். அக்காவிடம் கோப்பையை நீட்டும்போது அவள் விரல் நகங்களைப் பார்த்தாள். மூச்சுப் போதாமல் நீலம் பாரித்திருந்தன. நகர்ந்துபோய், யாரிடமோ வானிலை பற்றிக் கதையளந்தாள். இருபது நிமிடம் முப்பதானது. திரும்பி வந்து, காலிக் கோப்பையை வாங்குகிற சாக்கில் இன்னொரு முறை பார்த்தாள். நகம் சிவந்திருந்தது. “போலாம்ணே” என்றாள் டிரைவரிடம்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கூடப் பிறந்தவள் நான், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அவசரப்படுத்தியிருக்கிறேன். இவள் யாரோ. இந்தப் பெண்ணுக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்?

மறுநாள் காலை, கழுகு பார்க்கும் மேட்டுக்கு நடந்துதான் ஏற வேண்டும். பாதி வழியில் அக்கா நின்றுவிட்டாள். முன்னால் போன எங்கள் சந்தைக்காரன் ருஃபினோ திரும்பிப் பார்த்தான். அக்காவின் முகம் இறுகியது. கால் வேன் பக்கம் திரும்பியது.

“எல்லாரும் நில்லுங்கப்பா! படம் எடுக்கணும்!” என்று கத்தினேன்.

“என்னத்தை?”

“கல்லைத்தான்!”

டெல்ஃபினா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவளும் போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் குந்தினாள். ஒவ்வொன்றாக, நிதானமாக, ஒன்பது கல் எடுத்தோம்.

மேட்டுக்குப் போனபோது, பள்ளத்துக்குள்ளிருந்து அது எழும்பி வந்தது. எங்கள் தலைக்கு மேலே, இறக்கையை அசைக்காமல். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைக் கழுகிலிருந்து எடுக்காமலே கேட்டாள்:

“படத்துல கல்லெல்லாம் நல்லா விழுந்திருக்காடி?”