யாகப்பருக்குப் போன கழிவுக் காசு

“கழிவுக் காசு இந்த முறை கையில இல்லை, மரியமலரக்கா. யாகப்பருக்குப் போட்டுது” என்றான் வின்சன்.

கரைச் சங்கக் கடையின் மனேச்சர் அவன். நாளைக்கு மழை வரும் என்று சொல்லுகிற மாதிரி அவ்வளவு லேசாகச் சொன்னான். மரியமலர் நீட்டிய நீல அட்டை நீட்டியபடியே நின்றது.

“எந்த யாகப்பருக்கு?”

“என்னக்கா கதை இது, எங்கட யாகப்பருக்குத்தான். திருவிழாவில சொரூபம் வைச்சுத் தூக்கப் புதுக் கூடு செய்யினமெல்லோ. அதுக்குச் சங்கம் குடுத்திருக்கு. எல்லா அங்கத்தவரின்ர கழிவையும் சேர்த்து.”

“என்னட்ட ஆர் கேட்டது?”

வின்சன் தராசுத் தட்டைத் துடைத்தான். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. “சாமிக்கெண்டா கேக்கவோ வேணும்?” என்றான்.

மரியமலருக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. கேட்கத்தான் வேண்டும்! ஒரு பிடி உப்பு எடுப்பதென்றாலும் வீட்டுக்காரியைக் கேட்டுத்தானே எடுக்கிறோம்? ஒரு வருடம் முழுக்கச் சீனியும் மாவும் மண்ணெண்ணெயும் இந்த அட்டையிலேயே வாங்கி, சனிக்கிழமை தவறாமல் கடனைக் கட்டி, வாங்கிய ரூபாய் ஒவ்வொன்றுக்கும் ஆறு சதம் கழிவாகத் திரும்பி வரும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தவள் அவள். யாகப்பரா இருந்தார்?

அவளுக்கு அந்தக் காசில் வேறு கணக்கு இருந்தது. இடம்பெயர்ந்து அலைந்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது வள்ளம் மணலுக்குள் புதைந்து கிடந்தது. தோண்டி எடுத்துத் தார் பூசிவிட்டார்கள். வலைதான் இல்லை. அன்றிலிருந்து அவளுடைய புருசன் மத்தேயு, வலைக்காரச் சம்மாட்டியான பஸ்தியாம்பிள்ளையின் வலையைத்தான் கொண்டுபோய்க் கரையோரக் களப்பில் விடுகிறான். படுகிற நண்டில் பாதி வலைக்காரனுக்கு. இரா முழுக்க நனைகிறவன் மத்தேயு. காலையில் பாதியை அள்ளிக்கொண்டு போகிறவர் சம்மாட்டி. கழிவுக் காசு வந்தால் மூன்று துண்டு நண்டு வலை, கயிறும் மிதப்புமாக, சொந்தமாகவே வாங்கிவிடலாம். இரண்டாயிரத்து நானூறு ரூபாய். அதோடு அந்தப் பாதிப் பங்குக்கு ஒரு கும்பிடு.

இதற்காகத்தான் போன வருடம் தங்கச்சி ஆன்சலாவோடு அத்தனை வாக்குவாதப்பட்டாள். ஆன்சலாவிடம் இருந்தது மஞ்சள் அட்டை. சந்தியில் இருக்கிற சிக்கனச் சங்கம் கொடுத்தது. இரண்டு பேரும் குசினிக்குள் பாயில் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கலியாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் மாதிரிக் குறையும் நிறையும் பார்த்தார்கள்.

“உன்ர சங்கம் மூண்டு சதம். என்ரது ஆறு. இதில பாக்க என்ன கிடக்கு?” என்றாள் மரியமலர்.

“என்ரது மூண்டு மாதத்துக்கு ஒருக்காத் தருவினம் அக்கா. உனக்கு வருசத்துக்கு ஒருக்கா.”

“ஒருக்கா வந்தாத்தான் மொத்தமா வரும். சில்லறையா வந்தால் உன்ர பிள்ளையளின்ர வாய்க்குள்ள போயிடும்.”

“கையில தருவினமோ? அதைக் கேட்டனியோ?”

“கையில தராமல் காலிலயோ தருவினம்! போடி விசரி.”

ஆன்சலா மஞ்சள் அட்டையை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். “சந்திக்கு நடக்கிற பஞ்சியில, சோம்பலிலதான் நீ நீலத்தைப் பிடிச்சிருக்கிறாய்” என்று சிரித்து ஒரு நக்கல் வேறு விட்டுவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பு இப்போது கடை வாசலில் நிற்கிற மரியமலரின் காதுக்குள் கேட்டது. அதைவிட எரிச்சல் வேறு வேண்டுமா?

கடையிலிருந்து நேரே சம்மாட்டி வீட்டுக்குத்தான் போனாள். சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். முற்றத்தில் கதிரை போட்டுக் காலை நீட்டிக்கொண்டிருந்தார்.

“வா பிள்ளை. மத்தேயு இண்டைக்குத் தொழிலுக்குப் போகேல்லையோ?”

“போறார். நான் என்ர கழிவுக் காசைக் கேக்க வந்தனான் சம்மாட்டி.”

“அது நிர்வாகசபை எடுத்த முடிவெல்லோ.”

“நிர்வாகசபை தன்ர காசைக் குடுக்கட்டுமன். என்ர காசை எப்பிடிக் குடுக்கலாம்?”

பஸ்தியாம்பிள்ளை எழுந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். “சாமிக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறாய். நாக்குக் கூசேல்லையோ உனக்கு? நாளைக்குக் களப்பில ஒண்டெண்டால் ஆரைக் கூப்பிடுவாய்?”

மரியமலர் திரும்பி நடந்தாள். சம்மாட்டிக்கு அவள் பயப்படவில்லை. யாகப்பருக்குப் பயந்தாள். மத்தேயு தண்ணீருக்குள் இறங்குகிற ஒவ்வொரு நாளும் அவள் கூப்பிடுகிற பெயர் அது. அந்தப் பெயரைக் கொண்டுபோய்த் தன் பணப்பெட்டிக்குப் பூட்டாகப் போட்டிருக்கிறாரே, பாவி!

வீட்டுக்கு வந்து மத்தேயுவிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் துடுப்பைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

“விடு மலர். அவற்ர வலையிலதான் நாங்கள் சீவிக்கிறம்.”

“அதுக்குத்தானே கேக்கிறன்! அவற்ர வலையிலயே சாகச் சொல்லுறியளோ? எங்களுக்கு வலை வந்திட்டால் அவருக்குப் பாதி போகாது. அது அவருக்குத் தெரியாதெண்டோ நினைக்கிறியள்?”

மத்தேயு கையை நிறுத்தினான். பிறகு ஒன்றும் பேசாமல் மறுபடியும் கழுவினான். அவன் சுபாவம் அது. ஆயிரம் சொன்னால் ஒன்று சொல்வான். சில நாளில் அதுவும் இல்லை.

நவநாள் ஒன்பதும் அவள் கோயிலுக்குப் போனாள். புதுக் கூடு பீடத்துக்குப் பக்கத்தில் மினுங்கிக்கொண்டு நின்றது. அதன் நெற்றியில் சிவப்பு மையில், ‘உபயம்: தலைவர் பஸ்தியாம்பிள்ளை’ என்று பெரிதாக, அதற்குக் கீழே, ‘மற்றும் அங்கத்தவர்கள்’ என்று எறும்பு ஊர்ந்த மாதிரி. அந்த ‘மற்றும்’தான் அவளுடைய வலை. முழங்காலில் நின்று யாகப்பரைப் பார்த்து, “உமக்குத் தரமாட்டன் எண்டு நான் சொல்லேல்ல ராசா. என்னட்டக் கேட்டவையோ எண்டு நீரே சொல்லும்” என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மத்தேயு ரகம்தான் அவரும்.

திருவிழாப் பூசைக்குச் சனம் வாசல் வரை நின்றது. பங்குச் சுவாமி நல்ல பிரசங்கி. செபதேயுவின் மகன் யாகப்பர் வள்ளத்தில் இருந்தபடி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்ததையும், ஆண்டவர் கூப்பிட்டவுடன் வலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனதையும் சொன்னார். “வலையை விட மனம் வேணும் பிள்ளையள்” என்றார். முன்வரிசையில் பஸ்தியாம்பிள்ளை பக்தியோடு தலையை ஆட்டினார். வீட்டில் பதினாறு துண்டு வலையை அடுக்கி வைத்திருக்கிற மனிதர்!

பூசை முடிந்ததும் சொரூபத்தைக் கூட்டில் ஏற்றினார்கள். தூக்குகிறவர்கள் எட்டுப் பேரும் தோளில் துவாய் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள்; மத்தேயு கூட்டின் முன்காலில். வின்சன் மைக்கைப் பிடித்து, கூட்டுக்கு மனமுவந்து காசு கொடுத்தவர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினான். மனமுவந்து! அந்தச் சொல் மரியமலரை ஊசியால் குத்தியது. முதலில் தலைவர் பெயர், பிறகு ஒவ்வொருவராக.

“மத்தேயு, மரியமலர் குடும்பம்...”

“நான் குடுக்கேல்ல.”

தன் குரல் இவ்வளவு பெரிது என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. கோயில் முழுக்கத் திரும்பியது. ஆன்சலா பின்னால் இருந்து சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். மரியமலர் அதைப் பறித்துக்கொண்டு முன்னுக்கு நடந்தாள்.

“என்ன மகள்?” என்றார் சுவாமி.

“மனமுவந்து குடுத்தனான் எண்டு வாசிக்கிறார், சுவாமி. அது பொய். கோயிலுக்குள்ள பொய் வாசிக்கக் கூடாது. அது என்ர கழிவுக் காசு. என்னட்டக் கேளாமல் எடுத்தவை.”

“யாகப்பருக்குத்தானே மகள் போயிருக்கு...”

“யாகப்பர் வலையை விட்டிட்டுப் போனவர் எண்டு இப்பத்தானே சொன்னியள். விட்டிட்டுப் போறதுக்கு அவருக்கு ஒரு வலை இருந்தது, சுவாமி. எனக்கு அதுதான் இல்லை. அந்தக் காசிலதான் நான் வலை வாங்க இருந்தனான்.”

சுவாமி பஸ்தியாம்பிள்ளை பக்கம் திரும்பி, “நீங்கள் இவையளிட்டக் கேட்கேல்லையோ?” என்றார்.

சம்மாட்டியின் முகம் கறுத்தது. விறுவிறென்று எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை உருவி, கூட்டின் மேல் யாகப்பரின் காலடியில் வைத்தார். “இந்தா கிடக்கு. சாமியின்ர காலுக்குக் கீழ வைச்சிருக்கிறன். கை நீளுமெண்டா எடு பாப்பம்” என்றார்.

காலடியில் வைத்ததை யார் எடுப்பார்? அந்தத் துணிவில்தான் அவர் வைத்தார். இந்தக் கரையில் பிறந்தவர் அல்லவா, சனத்தின் பயம் எந்த இடத்தில் இருக்கிறதென்று அவருக்கு அளந்து தெரியும். அந்தப் பயம் மரியமலருக்கும் உண்டு. மத்தேயுவைப் பார்த்தாள். அவன் துவாயைத் தோளிலிருந்து எடுத்தான்.

“அவள் எடுக்கட்டும். அதுக்குப் பிறகுதான் நான் தோள் குடுப்பன்” என்றான்.

அன்றைக்கு அவன் சொன்னது அந்த ஒன்றுதான். போதாதா?

மரியமலர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். யாகப்பரின் பாதத்தைத் தொட்டு முத்தமிட்டாள். காசை எடுத்தாள். எடுத்ததோடு விடவில்லை, யாகப்பருக்கு முன்னாலேயே, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

“நூறு ரூபா குறையுது, சம்மாட்டி.”

எங்கேயோ ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். பஸ்தியாம்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு நோட்டை எடுத்து நீட்டினார். மரியமலர் அதையும் சேர்த்து மடித்து இடுப்பில் செருகி, நீல அட்டையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். மத்தேயு துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டின் காலுக்குக் கீழே குனிந்தான்.

“கொஞ்சம் பொறுங்கோ, தூக்காதேங்கோ” என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கருவாடு விற்கிற அன்னபாக்கியம், வரிசையை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் அவளுடைய நீல அட்டை. “சுவாமி, என்னட்டயும் ஒருத்தரும் கேக்கேல்ல.”

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழும்பினார்கள். பஸ்தியாம்பிள்ளையின் கை திரும்பவும் சட்டைப் பையைத் தடவியது.