கத்தரிக்காயும் பூசணியும் கரையிறங்கிய வெள்ளிக்கிழமை

ஆயிரக்கணக்கான சிப்பாய்களைக் கடல்வழியாகக் கொண்டுபோய் ஒரு கரையில் இறக்கும் வேலையை என்னிடம் கொடுத்தபோது, எனக்கு நீச்சல் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. விசா எப்போது முடிகிறது என்று மட்டும் கேட்டார்கள். அக்டோபரில் என்றேன். அப்படியானால் செப்டம்பருக்குள் படையெடுப்பை முடித்துவிடலாம் என்றார் எங்கள் மேலாளர் சந்திரகலா.

நிஜப் போர் அல்ல, ஒத்திகை. படையில் பாதிப் பேர் எதிரிகளாகி ஒரு கரையைக் காப்பார்கள், மீதிப் பேர் கப்பலில் வந்து அதைப் பிடிப்பார்கள். எந்தக் கப்பலிலிருந்து எந்த டாங்கி முதலில் இறங்க வேண்டும், எந்தப் படகு எப்போது மணலைத் தொட வேண்டும் என்று கணக்குப் போடும் மென்பொருள் மட்டும் மெல்போர்ன் புறநகரான மல்கிரேவில் இருந்த எங்கள் கம்பெனியின் பொறுப்பு. நான் தற்காலிக விசாக்காரன் என்பதால் ரகசியம் எதுவும் எனக்குத் தெரியக் கூடாது. கப்பல்களின் பெயர்கூடத் தெரியக் கூடாது என்பதால் அவற்றுக்குக் காய்கறிப் பெயர் வைத்தார்கள். கத்தரிக்காயில் டாங்கிகள், பூசணியில் ஆட்கள், வெண்டைக்காயில் ஆஸ்பத்திரி. தினமும் காலையில் ஒரு கர்னல் கணினித் திரையில் தோன்றி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "பூசணி மூழ்கினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார். சாம்பாரில் போடுவோம் என்று சொல்ல நாக்கு துடிக்கும். விசாவை நினைத்து அடக்கிக்கொள்வேன்.

படையெடுப்பு ஜெயித்தால் நிரந்தர விசாவுக்குக் கம்பெனி என்னைப் பரிந்துரைக்கும். சொதப்பினால் நானும் மனைவி ஸ்ருதியும் ஆறு வயது மகள் தாரிணியும் மதுரைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ட்ருகனினாவில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் ஸ்ருதி இன்னும் திரைச்சீலை வாங்கவில்லை. ஜன்னலில் பழைய பெட்ஷீட்டை மாட்டியிருந்தாள். விசா வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பாள்.

அவகாசம் குறைவு என்பதால் நான் ஒரு குறுக்குவழியில் போனேன். வங்கி ஒன்றின் மென்பொருளை வெளியிட நாங்கள் வைத்திருந்த பழைய கால அட்டவணை நிரலை அப்படியே எடுத்து, வங்கிக்குப் பதிலாகக் கப்பல்களைப் போட்டேன். அந்த நிரலில் சந்திரகலா பல வருஷங்களுக்கு முன்பு ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ராகு காலத்தில் எந்த வெளியீடும் நடக்காது. அப்படி ஏதாவது வந்து விழுந்தால், நிரல் தானாகவே அதை ராகு காலத்துக்கு அப்பால் தள்ளிவிடும். வெள்ளைக்காரர்கள் கேட்டால் அது பராமரிப்பு நேரம். அந்த நேரத்தில் இதுவரை எதுவுமே பழுதானதில்லை என்று அவர்களும் சந்தோஷப்பட்டார்கள். எதையும் வெளியிடாவிட்டால் எது பழுதாகும்?

அதை எடுத்துவிட மறந்துபோனேன். படையெடுப்புக்கு இரண்டு நாள் முன்புதான் கண்ணில் பட்டது. சந்திரகலாவின் அறைக்கு ஓடினேன்.

"மேடம், படகெல்லாம் பத்தே முக்காலுக்குக் கரையைத் தொடணும். அப்பதான் கடல் நல்லா ஏறியிருக்கும். சிஸ்டம் அதை பன்னெண்டு மணிக்கு மேல தள்ளி வச்சிருக்கு."

"ஏன்?"

"வெள்ளிக்கிழமை, மேடம்."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "பத்தரை டு பன்னெண்டு," என்று முணுமுணுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"கர்னல்கிட்ட சொல்லி மாத்திடலாமா?"

"என்னன்னு சொல்வீங்க பிரதீப்? பிளான் அப்ரூவ் ஆகி கப்பலுக்கே போயாச்சு. இப்ப மாத்தினா ஏன்னு கேப்பாங்க. என் வேலையும் போகும், உங்க விசாவும் போகும்." கொஞ்சம் யோசித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதுவும் இல்லாம, ராகு காலத்துல போய் யாராவது படையெடுப்பாங்களா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சென்னைச் சூரியனுக்கா, மெல்போர்ன் சூரியனுக்கா என்று கேட்டேன். டான்டினாங் இந்தியக் கடையில் கொடுத்த காலண்டரில் போட்டிருக்கிறபடிதான் என்றார்.

வெள்ளிக்கிழமை மல்கிரேவில் திரைமுன் உட்கார்ந்திருந்தோம். பத்தே முக்கால் வந்தது, போனது. கடல் வடியத் தொடங்கியது. பன்னிரண்டு அடித்ததும் கத்தரிக்காயும் பூசணியும் படகுகளை இறக்கின. அவை கரையை நோக்கி ஒழுங்காகப் போய், பாதி வழியில் மணல் தட்டி, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. திரையில் ஒரு புள்ளியும் நகரவில்லை. ஸ்ருதிக்கு எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேட ஆரம்பித்தேன். பக்கத்தில் சந்திரகலா கந்த சஷ்டி கவசத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததைக் கர்னல் சொல்லித்தான் அறிந்தோம். எதிரிகள் விடிந்ததிலிருந்து பதுங்குகுழியில் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். கடல் ஏறியபோது யாரும் வரவில்லை. கடல் இறங்கத் தொடங்கியதும், இனிமேல் எந்த முட்டாளும் வரமாட்டான் என்று அவர்கள் தளபதி முடிவு கட்டிவிட்டார். அடுப்பை மூட்டி சாசேஜ் சுட ஆரம்பித்தார்கள். படகை விட்டுக் குதித்த எங்கள் சிப்பாய்கள் முழங்கால் சேற்றில் சத்தமில்லாமல் நடந்து வந்தபோது, எதிரிப் படை முழுவதும் கையில் ரொட்டியோடு வரிசையில் நின்றிருந்தது. துப்பாக்கிகள் எல்லாம் ஒரு மரத்தடியில் இருந்தன. தளபதியைப் பிடித்தபோது அவர் தக்காளி சாஸ் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தாராம்.

கர்னலுக்குத் தலைகால் புரியவில்லை. "எந்த எதிரியாலும் ஊகிக்க முடியாத நேரம்! இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று திரையிலிருந்து கேட்டார்.

"எங்கள் சொந்த முறை," என்றார் சந்திரகலா.

"நன்றாகச் சோதித்துப் பார்த்ததா?"

"பல தலைமுறையாக."

கணினித் தலைமுறை என்று அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பயபக்தியோடு தலையசைத்தார். அன்று மாலை அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். ஸ்ருதிக்கு ஃபோன் போட்டு ஜெயித்துவிட்டோம் என்று கத்தினேன். அவள் அழுதேவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது, கேக்கைத் தின்று மறைத்தேன்.

திங்கட்கிழமை சந்திரகலா கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"பிரதீப், கர்னலுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நேரம் குறிக்கிற அந்த முறையை ராணுவ ரகசியம்னு அறிவிச்சுட்டாங்க."

"எதை மேடம், ராகு காலத்தையா?"

"சத்தமா சொல்லாதீங்க! இனிமே அந்தப் ப்ராஜெக்டைக் குடியுரிமை உள்ளவங்கதான் தொடலாமாம். உங்க பேரைப் பரிந்துரைச்சது அந்தப் பதவிக்குத்தான். இப்ப அந்தப் பதவியில நீங்க இருக்கக் கூடாது."

"வேற ப்ராஜெக்ட்?"

"வேற எதுவும் இல்ல. எல்லாத்தையும் நிறுத்திட்டு இதுல இறங்கச் சொல்லிட்டாங்க. நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. அதனால் திட்டக்கூட முடியவில்லை. அப்போது பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். திட்டத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். எழுதியதே நான்தான் என்றேன். உங்களுக்கு அது தெரிந்திருப்பதே விதிமீறல் என்றார் அமைதியாக. வெள்ளிக்கிழமைகளில் எந்த நேரம் ஆகாது என்பதை எவரிடமும், குடும்பத்தாரிடமும்கூட, வெளியிட மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். சந்திரகலாவின் மேசைக்குப் பின்னால், ராகு காலம் அச்சிட்ட அந்தக் கடைக் காலண்டர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதன் கீழேயே உட்கார்ந்து என் கையெழுத்தைச் சரிபார்த்தார்.

வீட்டுக்கு வந்தபோது ஸ்ருதி வாசலிலேயே நின்றிருந்தாள். வேலை போன செய்தியை மத்தியானமே அனுப்பியிருந்தேன்.

"ஜெயிச்சுட்டோம்னு சொன்னீங்களே?"

"ஆமா. ஜெயிச்சதாலதான் வேலை போச்சு."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

நான் குடித்திருக்கிறேனா என்று பார்ப்பவள்போல முகத்தருகே வந்தாள். பிறகு விலகி நின்றாள். உள்ளே தாரிணி பள்ளிக்கூடத்துக்கு ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"அத்தனை பேரைக் கொண்டாந்து இந்த ஊர்க் கரையில எறக்கினீங்களே," என்றாள் ஸ்ருதி. "அதோட நம்ம மூணு பேரையும் எறக்கியிருக்கக் கூடாதா?"